அப்பா ஸ்பேசர் வேண்டாம் என்கிறார்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் தன் அப்பாவைப் பற்றி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு வயது 61. ஓய்வு பெற்ற ஆசிரியர். இப்போதும் மாலை நேரங்களில் மாணவர்களுக்குப் பாடம் எடுக்கிறார். இருபது வருடங்களுக்கு மேலாக ஆஸ்துமா இருக்கிறது. அவரிடம் இரண்டு இன்ஹேலர்கள் உண்டு. ஒன்று காலையும் இரவும் இரண்டு பஃப் எடுக்க வேண்டிய ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர். மற்றது மூச்சு முட்டும்போது எடுக்கும் நீல நிற இன்ஹேலர்.

சில மாதங்களாக அவர் குரல் கரகரக்கிறது. நாக்கில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. "எல்லாம் ஸ்டீராய்டு செய்கிற வேலை" என்று சொல்லி முதல் இன்ஹேலரை அவராகவே குறைத்துவிட்டார். நினைவு வந்தால் எடுப்பார், இல்லையென்றால் இல்லை. நீல இன்ஹேலரோ ஒன்றரை மாதத்துக்கு ஒன்று தீர்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் இருமலோடு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். புதிதாகப் பார்த்த மருத்துவர் ஸ்பேசர், அதாவது இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் வெற்றுக் குழாய், வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். வாங்கியும் ஆயிற்று. ஆனால் அப்பா, "சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை எனக்குக் கொடுக்கிறார்கள். பாதி மருந்து அந்தக் குழாயிலேயே ஒட்டிக்கொள்கிறது" என்று ஓரமாக வைத்துவிட்டார். வியாதி முற்றிவிட்டதால்தான் குழாய் கொடுத்திருக்கிறார்கள் என்று அம்மா பயப்படுகிறார். ஸ்பேசர் உண்மையிலேயே தேவையா, அதற்குப் பதில் மருந்தைப் புகை மாதிரி ஆக்கித் தரும் நெபுலைசர் இயந்திரம் வாங்கிவிடலாமா, பிடிவாதம் பிடிக்கிற அப்பாவை எப்படி வழிக்குக் கொண்டுவருவது? இவைதான் மகளின் கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "அப்பா இன்ஹேலரை அழுத்தும்போது உதட்டோரத்தில் வெள்ளையாகப் புகை மாதிரி கொஞ்சம் வெளியே வரும்." எனக்கு அந்த வரிதான் முக்கியம். அந்தப் புகைதான் மருந்து. அது வெளியே தெரிகிறது என்றால் உள்ளே போக வேண்டியது போகவில்லை.

அழுத்தி எடுக்கும் இந்த வகை இன்ஹேலர் 1956-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. அதனோடு பிறந்த ஒரு சிக்கல் இன்றுவரை அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குப்பியை அழுத்துவதும் மூச்சை இழுக்கத் தொடங்குவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அழுத்திய பிறகு அரை வினாடி தாமதித்து மூச்சை இழுத்தால் மருந்து அண்ணத்திலும் தொண்டையின் பின்சுவரிலும் மோதி நின்றுவிடும். மூச்சை இழுத்து முடிக்கும் தறுவாயில் அழுத்தினாலும் அதே கதைதான். வெடுக்கென்று வேகமாக இழுத்தாலும் துகள்கள் தொண்டை வளைவில் திரும்ப முடியாமல் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். இருபது வருடப் பழக்கம் இருப்பதாலேயே ஒருவர் இதைச் சரியாகச் செய்கிறார் என்று சொல்லிவிட முடியாது. முதல் வாரத்தில் தவறாகப் படிந்த பழக்கம் அப்படியே இருபது வருடம் தொடர்ந்திருக்கும், யாரும் கவனித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அதனால்தான் ஆஸ்துமா கட்டுக்குள் வரவில்லை என்று யார் வந்தாலும், மருந்தைக் கூட்டுவதற்கு முன்னால், "உங்கள் இன்ஹேலரை எடுத்துக் காட்டுங்கள், பார்க்கிறேன்" என்றுதான் நான் தொடங்குவேன்.

அப்பாவின் மருத்துவரும் அதைத்தான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். வியாதி முற்றிவிட்டது என்று அவர் எங்கும் சொன்னதாக நீங்கள் எழுதவில்லை. அம்மாவிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ஸ்பேசருக்கும் வியாதியின் தீவிரத்துக்கும் தொடர்பே இல்லை. லேசான ஆஸ்துமா உள்ளவருக்கும் அதைக் கொடுக்கிறோம், அவசர சிகிச்சைப் பிரிவில் மூச்சுத்திணறலோடு வருபவருக்கும் கொடுக்கிறோம். குழந்தைகளுக்கு மட்டும் என்பதும் சரியல்ல. சுமார் நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு மாஸ்க் மாட்டிய ஸ்பேசர் கொடுப்போம், அதைப் பார்த்துப் பார்த்து இப்படி ஓர் எண்ணம் வந்திருக்கலாம். பெரியவர்களுக்கு மாஸ்க் இல்லாமல், வாயில் வைத்து இழுக்கும் ஸ்பேசர். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு, விரல் மூட்டுகளில் வலி இருப்பவர்களுக்கு, அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றுசேர்க்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி. அழுத்தியதும் மருந்து குழாய்க்குள் ஓரிரு வினாடி நிற்கும், அதற்குள் நிதானமாக மூச்சை இழுத்துக்கொள்ளலாம்.

குழாயில் ஒட்டுவது எந்த மருந்து?

அப்பாவின் இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன், ஏனென்றால் அவர் கண்ணால் பார்த்துத்தான் கேட்கிறார். குழாயின் உட்சுவரில் வெள்ளையாகப் படிவது உண்மை. ஆனால் அந்த மருந்தில் பெரும்பங்கு அவருடைய நுரையீரலுக்குப் போக இருந்ததல்ல. தொண்டையில் ஒட்ட இருந்தது.

இன்ஹேலரிலிருந்து சீறி வரும் துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. நுரையீரலின் சிறிய மூச்சுக்குழாய்கள் வரை போகக்கூடியவை 1 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான துகள்கள். அதைவிடப் பெரிய துளிகள் எப்படியும் வாயிலும் தொண்டையிலும்தான் விழும். ஸ்பேசர் இல்லாமல் சரியாக எடுப்பவர்களுக்கே, பெரும்பாலான இன்ஹேலர்களில் நுரையீரலை அடைவது ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம்தான். (மிக நுண்ணிய துகள்களைத் தரும் சில புதிய இன்ஹேலர்களில் இதைவிடக் கூடுதலாகப் போகும்.) மீதியில் பெரும்பங்கு தொண்டையில் தங்கி, பிறகு எச்சிலோடு வயிற்றுக்குப் போகும். ஸ்பேசர் வைத்தால் அந்தப் பெரிய துளிகள் குழாய்ச் சுவரிலேயே நின்றுவிடுகின்றன. நுண்ணிய துகள்கள் மட்டும் மூச்சோடு உள்ளே போகின்றன. தொண்டைக்குப் போவது வெகுவாகக் குறைகிறது. அழுத்துவதையும் இழுப்பதையும் ஒன்றுசேர்க்கத் தடுமாறுகிறவர்களுக்கு நுரையீரலுக்குப் போவதும் கூடுகிறது.

இப்போது அப்பாவின் குரலைப் பற்றி. தொண்டையில் தினமும் படிகிற ஸ்டீராய்டு மருந்து குரல்நாண்களைப் பாதித்துக் கரகரப்பைக் கொண்டுவரும். நாக்கிலும் அண்ணத்திலும் ஒருவகைப் பூஞ்சை வளரவும் இடம் கொடுக்கும். அந்த வெள்ளைப் படிவு பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆக அப்பா காரணத்தைச் சரியாகவே கண்டுபிடித்திருக்கிறார், பரிகாரத்தில்தான் தடம் மாறிவிட்டார். மருந்தை நிறுத்தினால் தொண்டை தேறும், மூச்சுக்குழாய் வீங்கும். ஸ்பேசர் வைத்து எடுத்து, எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பினால் இரண்டையும் காப்பாற்றலாம். பாடம் எடுக்கிற மனிதருக்குக் குரல் எவ்வளவு முக்கியம்! இந்த ஒரு காரணத்தைச் சொன்னாலே அவர் கேட்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், அதிலும் இந்த வயதில், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை குரல்வளையைப் பார்த்துவிட வேண்டும். இன்ஹேலர்தான் காரணம் என்று நாமாகவே முடிவு கட்டிவிடக் கூடாது. நாக்கில் இருப்பது பூஞ்சை என்றால் சில நாள் மருந்தில் போய்விடும்.

எப்படி எடுப்பது, எப்படிக் கழுவுவது

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், அப்பா ஸ்பேசரை முயன்று பார்த்த அந்தச் சில நாட்களில், இரண்டு பஃப்பையும் அடுத்தடுத்து அழுத்திவிட்டு ஒரே மூச்சில் இழுத்திருக்கிறார். நீங்களும் அக்கறையாகத் தினமும் ஸ்பேசரை உலர்ந்த துணியால் உள்ளே துடைத்து வைத்திருக்கிறீர்கள். இரண்டுமே மருந்தைக் குறைத்துவிடும்.

இரண்டு பஃப்பை ஒன்றாக அழுத்தினால் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, சுவரில் படிந்துவிடும். அதனால் ஒரு நேரத்தில் ஒரு பஃப்தான். இன்ஹேலரின் மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்கி, ஸ்பேசரின் பின்பக்கத் துளையில் பொருத்த வேண்டும். மூச்சை மெதுவாக வெளியே விட்டுவிட்டு, ஸ்பேசரின் வாய்ப்பகுதியைப் பற்களுக்கு நடுவில் வைத்து உதட்டால் இறுக மூட வேண்டும். ஒருமுறை அழுத்த வேண்டும். உடனே மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும், மூன்று முதல் ஐந்து வினாடி ஆகும். பிறகு 10 வினாடி வரை, முடிந்த அளவு, மூச்சைப் பிடித்து வைத்து விட வேண்டும். மூச்சைப் பிடிக்க முடியாதபடி இளைப்பாக இருந்தால், வாயை எடுக்காமல் சாதாரணமாக ஐந்து முறை மூச்சை இழுத்து விட்டாலும் போதும். வால்வு உள்ள ஸ்பேசரில் உள்ளே ஒரு மெல்லிய தகடு ஒவ்வொரு மூச்சுக்கும் திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அது அசையவில்லை என்றால் மருந்து வரவில்லை, உதட்டோரம் காற்று போகிறது என்று பொருள். சில ஸ்பேசர்களில் வேகமாக இழுத்தால் விசில் சத்தம் வரும். சத்தம் கேட்டால் இன்னும் நிதானமாக இழுக்க வேண்டும். அரை நிமிடம் கழித்து, மறுபடியும் குலுக்கி, இரண்டாவது பஃப்.

துடைப்பது ஏன் கூடாது? பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் அதில் நிலைமின்சாரம் ஏறும். காற்றில் மிதக்க வேண்டிய நுண்ணிய துகள்களையும் அது சுவருக்கு இழுத்துக்கொள்ளும். அப்பா பார்த்த வெள்ளைப் படிவில் ஒரு பங்கு இதனால் வந்திருக்கலாம். எனவே அவர் குறையை முழுக்க மறுக்கவும் முடியாது! புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த ஸ்பேசரிலும் இந்தச் சிக்கல் உண்டு. முதலில் பயன்படுத்தும் முன் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறையாவது, வெதுவெதுப்பான நீரில் சில சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பாகங்களைக் கழற்றி ஊற வைத்து எடுங்கள். வாயில் வைக்கும் பகுதியை மட்டும் நல்ல நீரில் அலசிவிட்டு, குழாயை அலசாமல் துடைக்காமல் நிமிர்த்தி வைத்துக் காற்றில் உலரவிடுங்கள். உள்ளே படிகிற மெல்லிய சோப்புப் படலம் நிலைமின்சாரத்தைத் தடுக்கும். நிலைமின்சாரம் ஏறாத பொருளில் செய்த ஸ்பேசர்களும் உலோக ஸ்பேசர்களும் இருக்கின்றன. அவற்றைக் கழுவும் முறை கொஞ்சம் மாறலாம், கூடவே வரும் தாளைப் பார்த்துக்கொள்ளுங்கள். விரிசல் விட்டாலோ வால்வு மடங்கிப்போனாலோ மாற்றிவிட வேண்டும். சாதாரணமாக 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது

ஸ்பேசரைவிட நீல இன்ஹேலர்தான். ஒரு குப்பியில் பொதுவாக 200 பஃப் இருக்கும். ஒன்றரை மாதத்தில் அது தீர்கிறது என்றால் நாளுக்கு நான்கு ஐந்து பஃப், வருடத்துக்கு எட்டுக் குப்பி. வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தாலே திடீரென ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்குப் போக நேரும் ஆபத்து கூடுகிறது என்று 'குளோபல் இனிஷியேட்டிவ் ஃபார் ஆஸ்துமா' என்ற உலகளாவிய அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிராபத்தே கூடுகிறது. நீல இன்ஹேலர் சுருங்கிய குழாயைக் கொஞ்ச நேரத்துக்கு விரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அழற்சியை அது தொடுவதே இல்லை. அதைத் தணிப்பது அப்பா ஒதுக்கி வைத்திருக்கும் அந்த ஸ்டீராய்டு இன்ஹேலர்தான். நிவாரணம் உடனே தெரிகிற மருந்தை நம்புவதும், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாத மருந்தை விடுவதும் மனித சுபாவம். அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இரவில் எழுந்து உட்காருகிறார் என்ற செய்தியோடு சேர்த்துப் பார்க்கும்போது, அவருடைய ஆஸ்துமா இப்போது கட்டுக்குள் இல்லை. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஸ்டீராய்டு என்ற சொல்லே பயமுறுத்துகிறது என்றால் அளவைச் சொல்லுங்கள். இன்ஹேலரில் ஒரு பஃப்பில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு, பெரும்பாலும் 100 அல்லது 200. அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு. ஆஸ்துமா முற்றி ஸ்டீராய்டு மாத்திரை எடுக்க வேண்டி வந்தால், அது நாளுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வரை போகும், அதுவும் உடம்பு முழுக்க. இரண்டும் வேறு வேறு மருந்துகள் என்பதால் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் சிறியதைத் தவிர்க்கப் போய்ப் பெரியதில் மாட்டிக்கொள்வது எப்படி என்பது இதில் தெரியும்.

நெபுலைசர் வாங்கலாமா?

வாங்குவது உங்கள் விருப்பம், தடுக்க மாட்டேன். ஆனால் ஸ்பேசருக்கு மேலான ஒன்று என்று நினைத்து வாங்காதீர்கள். உயிருக்கு ஆபத்தில்லாத ஆஸ்துமா தாக்குதலில் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு தொகுத்துப் பார்த்திருக்கிறது. ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் எடுத்தவர்கள் தேறுவதில் நெபுலைசர் எடுத்தவர்களைவிடப் பின்தங்கவில்லை. குழந்தைகள் அவசரப் பிரிவில் இருக்க வேண்டிய நேரம் குறைந்தது, படபடப்பும் குறைவு. இயந்திரம், மின்சாரம், பத்து நிமிடம் உட்காருவது எதுவும் ஸ்பேசருக்கு வேண்டாம். 1999-ல் கேப் டவுனில் நடந்த ஓர் ஆய்வில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் துளை போட்டு, இன்ஹேலரைப் பொருத்தி, இடைவெளியை அடைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கும் ஸ்பேசரைப் போலவே வேலை செய்தது.

வீட்டில் நெபுலைசர் இருப்பதில் எனக்கு ஒரு பயமும் உண்டு. புகை வருகிறது, கொஞ்சம் தேவலை என்று இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் ஒரு மணி நேரம் என மருத்துவமனைக்குப் போவது தள்ளிப்போகும்.

அப்பாவுக்குத் திடீரென மூச்சுத்திணறல் வந்தால் என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கி வையுங்கள். பொதுவான வழி இது: நிமிர்ந்து உட்கார வைத்து, நீல இன்ஹேலரை ஸ்பேசரில் வைத்து, ஒவ்வொரு பஃப்பாக 4 முதல் 10 பஃப் வரை கொடுக்கலாம். முதல் ஒரு மணி நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யலாம். ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாரிக்கிறது, குழப்பமாகப் பேசுகிறார், மருந்து கேட்கவில்லை அல்லது மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி வேண்டியிருக்கிறது என்றால் காத்திருக்காமல் கிளம்புங்கள். போகிற வழியிலும் பஃப் கொடுத்துக்கொண்டே போகலாம்.

அவர் மறுத்தால்?

மறுக்கும் உரிமை அவருக்கு இருக்கிறது. தெளிவான மனதோடு இருக்கும் ஒருவர் எந்தச் சிகிச்சையை ஏற்பது என்று அவரேதான் முடிவு செய்ய வேண்டும். "நீங்கள் கேட்கவில்லை என்றால் நான் சாப்பிட மாட்டேன்" என்று மிரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனாலும் அது இரண்டு நாள் வேலை செய்யும், மூன்றாம் நாள் உங்களுக்குத் தெரியாமல் விட்டுவிடுவார். அதேபோல அவருக்கும் கேட்டுப் பெற வேண்டியவை உண்டு. ஏன் ஸ்பேசர் என்று விளக்கம் கேட்கலாம். செய்து காட்டச் சொல்லலாம். வேறு வழி இருக்கிறதா என்று கேட்கலாம்.

வேறு வழி இருக்கவும் செய்கிறது. பொடியாக மருந்தை இழுக்கும் இன்ஹேலர்களுக்கு ஸ்பேசர் தேவையில்லை, அவற்றோடு ஸ்பேசரைப் பயன்படுத்தவும் கூடாது. ஆனால் அவற்றை வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். மூச்சு பலவீனமாக இருக்கும்போது அது கடினம், தொண்டையில் படிவதும் போகாது. குரல்தான் அப்பாவின் முக்கியக் குறை என்பதால் அவருக்கு அது முதல் தேர்வு என்று எனக்குத் தோன்றவில்லை. தினசரி மருந்தையே அவசரத்துக்கும் எடுத்துக்கொள்ளும் முறையும் இருக்கிறது. சில மருந்துச் சேர்க்கைகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். அப்பாவின் இன்ஹேலர் அந்த வகையா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். இந்த வயதில் ஒருமுறை ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சுப் பரிசோதனையும் செய்துவிடுவது நல்லது, முக்கியமாக அவர் எப்போதாவது புகைபிடித்தவர் என்றால்.

அவரிடம் வாழ்நாள் வாக்குறுதி கேட்காதீர்கள். நான்கு வாரம் மட்டும் கேளுங்கள். வெளியே எடுத்துப் போகக் கூச்சமாக இருந்தால் பரவாயில்லை. தினசரி இன்ஹேலர் காலையும் இரவும்தானே, பல் துலக்கும் இடத்திலேயே ஸ்பேசரை வைத்துவிடுங்கள். பஃப் எடுத்ததும் பல் துலக்கிக் கொப்பளித்துவிடலாம், மறக்கவும் மாட்டார். ஒரு தாளில் மூன்றே விஷயங்களை அவர் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள்: இரவு எழுந்தாரா, நீல இன்ஹேலர் எத்தனை பஃப், குரல் எப்படி. ஆசிரியராக இருந்தவர், கணக்கு வைப்பது அவருக்குப் பிடிக்கும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தத் தாள், இரண்டு இன்ஹேலர்கள், ஸ்பேசர் எல்லாவற்றையும் பையில் எடுத்துப் போங்கள். குப்பியில் மருந்து இருக்கிறதா என்பதைக் குலுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, மருந்து தீர்ந்த பிறகும் வாயு இருக்கும். எண்ணிக்கை காட்டும் கட்டம் இருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் தொடங்கிய தேதியைக் குப்பியில் எழுதி வையுங்கள். அப்புறம், மருத்துவர் முன்னால் அப்பாவே ஒரு பஃப் எடுத்துக் காட்டட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று, உதட்டோரம் புகை வருகிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.